லெந்து வெள்ளியில் கனகாம்பரம்

சபையில் சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்ளும் என் அக்காவுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் போன இடத்தில் எதற்கும் குறை இருக்காது. குறையெல்லாம் எங்களுக்குத்தான். நீங்கள் போனதிலிருந்து அடுப்படியில் என்னோடு சண்டை போட ஆளில்லை. தனியாக நின்று சண்டை போட்டால் ஜனங்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் அக்கா. அதனால் உங்கள் பேர், என் பேர், நம் சபையின் பேர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கள்ளக்குறிச்சியில் ஒரு வீடு, அண்ணனும் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே அடுப்பு. அண்ணன் பெண்டாட்டி நீங்கள், தம்பி பெண்டாட்டி நான். படிக்கிறவர்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். எழுதுகிறவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போடுகிறவள் என்பதும் தெரியட்டும், பரவாயில்லை. பசியோடு ஒருத்தர் நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்று புரியும்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் பேத்தி குப்புற விழுந்துவிட்டாள். மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. அவள் வயிற்றில் இருக்கும்போதே நெஞ்சு வலி என்று ஒரே நாளில் கிளம்பிவிட்டீர்கள். பார்க்காமல் போய்விட்டீர்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வருகிறது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

பேத்தியின் அம்மாவை இந்தக் கடிதத்தில் செண்பகம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் மகன் கரியாலூருக்கு அருவி பார்க்கப் போகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய், போன இடத்தில் தனக்கும் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தானே, அந்தப் பெண். வெள்ளிமலைக்கு மேலே சாமை விதைக்கிற வீடு. மாமா குதித்தார். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், அவர்கள் போட்ட சாமைச்சோற்றை இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, பெண்ணைக் கேட்டுவிட்டு வந்தீர்கள். கல்யாணம் ஆன பிறகு அவளாகத்தான் நம்மோடு சபைக்கு வர ஆரம்பித்தாள். நீங்கள் கூப்பிடவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் காரணம்.

மாமா என்றால் உங்கள் வீட்டுக்காரர், என் கணவரின் அண்ணன், நம் சபையின் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்தபடி பெரியவர். அவர் கெட்டவர் இல்லை. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் போய் நிற்கிறவர் அவர்தான். ஆனால் நின்றது ஊருக்குத் தெரிய வேண்டும். சபைக்குத் தண்ணீர் டிரம் வாங்கிக் கொடுத்தார். டிரம்மில் எவ்வளவு பெரிதாக அவர் பேர் எழுதியிருக்கிறது என்றால், குழாய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

லெந்து வந்தால் கேட்கவே வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இயேசு பட்ட பாட்டை நினைத்து ஈஸ்டருக்கு முன்னால் நோன்பு இருக்கும் காலம் அது. வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபம். மாமா வெள்ளிக்கிழமை முகம் மழிக்க மாட்டார், தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். குரல் காலையிலேயே இறங்கிவிடும். நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்காருவார். தெருவில் போகிற யாராவது, "இன்னா அண்ணே, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்கும் வரைக்கும் அங்கேயே இருப்பார். "ஒண்ணும் இல்லப்பா. உபவாசம்" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வரும்.

ஒருமுறை சபையில் அந்த உவமையைப் பற்றிப் பேசினாரே, ஞாபகம் இருக்கிறதா? கோவிலில் முன்னால் நின்று, நான் வாரத்தில் இத்தனை நாள் உபவாசம் இருக்கிறேன், மற்றவர்களைப் போல நான் இல்லை என்று கடவுளிடமே பீற்றிக்கொள்ளும் பரிசேயன். பின்னால் நின்று, தலையைக்கூட நிமிர்த்தாமல் நான் பாவி என்று மார்பில் அடித்துக்கொள்ளும் ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன். மாமா அருமையாகப் பேசினார். கடைசியில் கண்ணை மூடி, கையை உயர்த்தி, "ஆண்டவரே, நான் அந்தப் பரிசேயனைப் போல இல்லாதபடியால் உமக்கு ஸ்தோத்திரம்!" என்று முடித்தார். நீங்கள் முந்தானையை எடுத்து வாயில் வைத்தீர்கள். உங்கள் தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் நீங்கள் உருகி அழுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் லெந்து வெள்ளியில் என்ன செய்வீர்கள்? நன்றாகத் தேய்த்துக் குளிப்பீர்கள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இருப்பதில் நல்ல புடவையை எடுத்துக் கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு சபைக்கு வருவீர்கள். மற்றப் பெண்கள் வெள்ளைப் புடவையும் வெறும் கழுத்துமாக வாடி உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் மட்டும் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருப்பீர்கள்.

"லெந்து நாள்ல பூவா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஏன், ஆண்டவரப் பாக்கத்தான வந்துகீறோம்? அழுது வடியற மூஞ்சியோடவா பாக்கறது?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான், முத்திரை குத்திவிட்டார்கள். மூப்பர் வீட்டுக்காரி உபவாசம் இருக்க மாட்டாள், தின்பதிலும் உடுத்துவதிலும்தான் அவளுக்கு நாட்டம்.

தின்பதில் நாட்டம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். கறிக்குழம்பு கொதிக்கும்போதே கரண்டியில் எடுத்து ஊதிக் குடிப்பீர்கள். முறுக்கு சுட்டால் பாதி டப்பாவுக்குப் போகாது. அப்படிப்பட்ட நீங்கள் லெந்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கரண்டியை என் பக்கம் நீட்டி, "உப்பு பாருடி" என்றீர்கள். நான் கல்யாணமாகி வந்த முதல் லெந்து அது. ஒருநாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். எல்லோருக்கும் பரிமாறுவீர்கள், பேசுவீர்கள், சிரிப்பீர்கள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று அதட்டுவீர்கள். உங்கள் தட்டு மட்டும் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருக்கும்.

நான் கேட்டுவிட்டேன். நீங்கள் என் கையைப் பிடித்து அடுப்படி மூலைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

"வெளிய சொன்னே, நாக்க இழுத்து வெச்சி அறுத்துடுவேன்."

"ஏன்க்கா? நல்ல விஷயந்தான?"

"உபவாசம் இருந்தா மூஞ்சியக் கழுவு, தலைக்கு எண்ண வையி, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இயேசுவே சொல்லிக்கிறாரு. எண்ண வெக்கறதுல எனக்கு இன்னாடி கஷ்டம்? இவங்கல்லாம் அத வாராவாரம் படிச்சிக்கினு, தலைய மட்டும் காய விட்டுக்கினு வராங்க."

யாருக்காக இருக்கிறீர்கள், எதைக் கேட்டு இருக்கிறீர்கள் என்று நானும் எத்தனையோ தடவை கேட்டேன். "பசி எடுக்குதா இல்லியான்னு பாக்கறேன், போடி" என்று மழுப்புவீர்கள். இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உண்மையிலேயே எதையாவது கேட்டீர்களா அக்கா?

நான் உங்களை நினைத்து அதிகம் வியந்துபோவது பட்டினிக்காக இல்லை. பட்டினி நானும் கிடப்பேன், கோபம் வந்தால். மாமா மைக்கைப் பிடித்து, சபை நடுவில், "ஆண்டவரே, என் மனைவிக்கு உபவாசம் இருக்கும் மனதைத் தாரும்" என்று ஜெபிப்பாரே, அந்த நேரத்தை நினைத்துத்தான். நீங்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். எல்லோர் கண்ணும் உங்கள் பூ மேல் இருக்கும். நீங்கள் எல்லோருக்கும் மேலே சத்தமாக ஆமென் சொல்வீர்கள். நானாக இருந்தால் அந்த மைக்கைப் பிடுங்கியிருப்பேன். உங்களுக்கு எப்படி முடிந்தது? வலிக்கவே இல்லையா?

உங்கள் அடக்கத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி, "நல்ல மனுஷிதான். ஜெப வாழ்க்கைதான் கொஞ்சம் கம்மி" என்றாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், ரத்தம் வந்தது.

போன லெந்தில் நீங்கள் இருந்தீர்கள். செண்பகத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு ஒண்ணும் வாணாம், நீ துன்னு" என்று சொல்லிவிட்டீர்கள். இந்த லெந்தில் அதைச் சொல்ல ஆளில்லை. குழந்தைக்கு நாலு மாதம்கூட ஆகவில்லை. மாமா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீ மலையிலிருந்து வந்த பிள்ளை, சபை உன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறது, இந்த லெந்து வெள்ளிகளில் முழு உபவாசம் இருந்தால் ஒருத்தரும் உன்னை ஒரு சொல் சொல்ல முடியாது என்றார். அவளுக்கும் ஆசைதான். இந்த ஊரில், இந்தச் சபையில், இவள் நம்ம வீட்டுப் பெண் என்று சொல்ல மாட்டார்களா என்ற ஆசை. சரி மாமா என்று தலையாட்டிவிட்டாள்.

மாமா ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை, ஆண்டவர் நடத்திய காரியம் என்று மைக்கில் சாட்சியாகச் சொன்னார். "கைக்கொழந்தக்காரி, மலையில இருந்து வந்தவ, சொட்டுத் தண்ணி இல்லாம இருக்கறா!" என்றதும் சபை முழுக்க ஸ்தோத்திரம். வீட்டில் குழந்தை பால் பத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. நான் சொன்னேன், என் கணவர் சொன்னார், உங்கள் மகனும் முனகிப் பார்த்தான். "ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துப் பொருத்தன பண்ணிட்டா, நடுவுல நிறுத்தக் கூடாது" என்று மாமா வாயை அடைத்துவிட்டார்.

செண்பகத்தின் அம்மா சாமையும் தேனும் எடுத்துக்கொண்டு மகளைப் பார்க்க வந்தார். பேத்தியை மடியில் போட்டுப் பார்த்தார். மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க சாமிக்கும் நாங்க நோம்பு இருப்போம். ஆனா பால் குடுக்கறவள இருக்க வுட மாட்டோம். இத ஒங்க சாமி கேக்குதாம்மா, இல்ல ஒங்க மாமா கேக்கறாரா?" என்றார். நான் தேனை வாங்கி உள்ளே வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சத்துணவு வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன், தூளியில் குழந்தை வீறிடுகிறது. செண்பகம் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறாள். குழாய்த் தண்ணீர் அவள் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் மாமா வாசலிலிருந்து ஓடி வந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே கிடத்தினோம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் கண் திறந்தாள்.

அவள் கண் திறந்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தையைக் கேளுங்கள். "சாத்தான் தடை பண்றாம்மா. பெரிய வெள்ளி வரைக்கும் தாக்குப்புடிச்சிடு. ஆண்டவர் பெரிய சாட்சி குடுப்பாரு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை.

"இன்னாங்க மாமா பேசறீங்க? பால் குடுக்கறவளப் பட்டினி போட்டு யாருக்கு சாட்சி? அந்த மைக்குக்கா?"

"நீ சும்மா இரும்மா. உபவாசத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? உங்க அக்காவும் இப்படித்தான். சாவற வரைக்கும் ஒரு வெள்ளிக்கிழம இருந்ததில்ல."

சொல்லிவிட்டேன் அக்கா. அத்தனை வருஷம் காத்த வாய் அன்றைக்குத் திறந்துகொண்டது.

"இருந்தாங்க மாமா. எல்லா லெந்து வெள்ளியும் இருந்தாங்க."

அவர் சிரித்தார். "அவளா? பூ வெச்சிக்கினு, குழம்பு தாளிச்சிக்கினு?"

"ஆமா. பூ வெச்சிக்கினுதான் இருந்தாங்க. அன்னிக்கி அவங்க ஒரு வாய் சாப்ட்டு நீங்க பாத்துக்கிறீங்களா? ஒரே ஒரு வாய்? சொல்லுங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தார். தேடினார். அவர் கண் அடுப்படிப் பக்கம் போனது, நாம் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குப் போனது. "நான் எங்கம்மா பாத்தேன்? வாசல்ல இல்ல உக்காந்துக்கினு இருந்தேன்" என்றார்.

பிறகு அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "அவளுக்காக மைக்குல ஜெபம் பண்ணுவேனே. அப்பவும் வெறும் வயித்தோடவா இருந்தா?"

"அப்பவுந்தான்."

"ஆமென்னு சொல்லுவாளேம்மா."

"சொல்லுவாங்க."

மாமா அழுது நான் பார்த்ததில்லை. சபையில் அழுவார், அது வேறு. இது சத்தமே இல்லாமல் வந்தது. அழுது முடித்து எழுந்து அடுப்படிக்குப் போனார். எந்தப் பாத்திரத்தில் எது இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்து, சோற்றையும் குழம்பையும் போட்டுக்கொண்டு வந்து செண்பகத்தின் முன்னால் வைத்தார். "சாப்புடு."

"ஞாயித்துக்கெழம எல்லாரும் கேப்பாங்களே மாமா?"

"கேக்கட்டும். நீ சாப்புடு."

அவள் சாப்பிட்டாள். சாப்பாடு பாதி, கண்ணீர் பாதி.

அன்று ராத்திரி எனக்குப் பயம் பிடித்தது. பேசாமல் இருக்கத் தெரியாத ஒரு மனுஷரிடம் பேசவே கூடாத ஒரு விஷயத்தைக் கொடுத்துவிட்டேனே! என் மனைவி ஆயுள் முழுக்க யாருக்கும் தெரியாமல் உபவாசம் இருந்தாள் என்று மாமா மைக்கில் சொன்னால் சபையே எழுந்து நிற்கும். இதைவிடப் பெரிய சாட்சி அவருக்கு இனிக் கிடைக்காது. நீங்கள் அவ்வளவு பாடுபட்டு மறைத்தது ஒரே நாளில் அவருடைய பெருமையாகிவிடும். உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே பெரிய வெள்ளி வரைக்கும் நாளைத் தள்ளினேன்.

பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் தொங்கிய மூன்று மணி நேரத்தை நினைத்து நடத்தும் மும்மணி ஆராதனை முடிந்ததும், கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்களே. பாஸ்டர் மாமா பேரைச் சொன்னார். மாமா எழுந்து போனார். மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "என் மனைவி…" என்று ஆரம்பித்தார். நான் செண்பகத்தின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நின்றுவிட்டார். பெண்கள் பக்கம் பார்த்தார்.

"என் மருமக உபவாசம் இருக்கறான்னு வாராவாரம் இங்க சொன்னேன். அவளா இருக்கல. நான் இருக்க வெச்சேன். பச்ச ஒடம்புக்காரி மயக்கம் போட்டு வுழுந்துட்டா. இப்ப மூணு வேளையும் சாப்புடறா, புள்ளைக்குப் பால் குடுக்கறா. அவ்ளோதான்."

மைக்கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் ஆமென் சொல்லத் தோன்றவில்லை.

கஞ்சி வாங்கும் இடத்தில், உங்கள் அடக்கத்தில் ஜெப வாழ்க்கை கம்மி என்று சொன்ன அதே பெண்மணி, நாங்கள் கேட்கும்படியாகவே, "மாமியாக்காரி இருந்த லட்சணந்தான் மருமகளுக்கும் வருது. அவதான் ஒரு நாளும் இருந்ததில்லயே" என்றாள். மாமா காதில் விழுந்தது. அவள் வாயை அடைக்க அவருக்கு ஒரு வரி போதும். அவர் கையிலிருந்த கஞ்சி டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கே தாங்கவில்லை. "சொல்லிருக்கலாமே மாமா" என்று கேட்டுவிட்டேன்.

"வாய் வரைக்கும் வந்துச்சும்மா. சொன்னா, அது என்னுதாப் பூடும். அவளுதாவே இருக்கட்டும்."

அவ்வளவுதான் நடந்தது அக்கா.

அவர் சொல்லாததை நான் இப்படி எழுதுகிறேனே, இது என்ன நியாயம் என்று கேட்பீர்கள். ஏதோ ஒரு வீட்டில் இன்னொரு செண்பகம் யாருடைய பெருமைக்கோ பட்டினி கிடப்பாள். அவள் கண்ணில் இது படட்டும் என்றுதான் எழுதினேன். பேரைத்தான் எடுத்துவிட்டேனே. அதுவும் தப்பா? நான் வாயைத் திறந்ததால் யாருக்கும் தெரியாமல் இருந்ததற்கு அங்கே உங்களுக்கு வர வேண்டிய பலனைக் குறைத்துவிட்டார்களா? குறைத்திருந்தால் சொல்லுங்கள், நான் வந்து சண்டை போடுகிறேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். செண்பகத்தை இனி ஒருத்தரும் பட்டினி போட நான் விடமாட்டேன். உங்கள் விஷயத்தை இந்த ஊரில் இனி யாரிடமும் சொல்லவும் மாட்டேன். பேத்தி வளருவாள். சபையில் யாராவது அவளிடம், உன் பாட்டிக்கு ஜெப வாழ்க்கை கம்மி, நல்லா சாப்பிடுவாங்க, பூ வைப்பாங்க என்று சொல்லத்தான் போகிறார்கள். அவள் ஓடி வந்து என்னிடம் கேட்பாள், நிஜமா என்று. நான் அவள் தலையை வாரிக்கொண்டே, ஆமாம் கண்ணு, உன் பாட்டி நல்லா சாப்பிடுவாங்க என்று சொல்லுவேன்.

உங்களோடு ஒரே அடுப்பில் புகை குடித்த,
உங்கள் ஓரகத்தி